பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைகள் பிரிவில் 24 ஆண்டுகளாகச் செவிலியாக வேலை செய்கிறேன். பச்சைக் குழந்தையின் குளியலைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டதும், போன சித்திரையில் எங்களிடம் வந்த ஒரு தாயின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

மூன்று மாதக் குழந்தை. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கழுத்து மடிப்பில் தோல் நைந்து ஈரமாக இருந்தது. முதுகில் செதில் செதிலாக வறட்சி. கூட வந்த பாட்டி ஒரு துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். வளைகாப்புக்கும் பெயர் சூட்டுவதற்கும் பரிசாக வந்த சோப்பு, ஷாம்பு, லோஷன், கிரீம், எண்ணெய், பவுடர், ஈரத் துடைப்பான் எல்லாம் அதில் இருந்தன. கூடவே ஒரு எவர்சில்வர் சம்படத்தில் வீட்டில் அரைத்த குளியல் மாவு. "எல்லாமே குழந்தைக்கென்று விற்பதுதானே சிஸ்டர்? ஒன்றுவிடாமல் போடுகிறோம். அப்படியும் ஏன் இப்படி?" என்று கேட்ட அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்றுவிடாமல் போட்டதுதான் காரணம். அதை அவளிடம் எப்படிச் சொன்னேனோ, அப்படியே உங்களிடமும் சொல்கிறேன்.

பிறந்த குழந்தையின் தோல் இன்னும் கட்டி முடியாத வீடு. மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. கிருமியைத் தடுத்து, ஈரத்தைக் காக்கும் லேசான அமிலத் தன்மை நம் தோலுக்கு உண்டு. பிறந்த அன்று குழந்தைக்கு அது கிடையாது, அடுத்தடுத்த வாரங்களில் மெல்ல உருவாகிறது. இன்னொரு விஷயம், எடையோடு ஒப்பிட்டால் கைக்குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களுடையதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆகவே தோலில் தடவுவது உடம்புக்குள் போகும் அளவும் அதற்கேற்ப அதிகம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரான்ஸ் நாட்டில் 1972-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான ஒரு டால்கம் பவுடரில், தயாரிப்பின்போது நேர்ந்த தவறால் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி மிக அதிகமாகக் கலந்துவிட்டது. தாய்மார்கள் வழக்கம்போல அரையிலும் தொடையிலும் தூவினார்கள். 36 குழந்தைகள் இறந்துபோயின. யாரும் வாயில் ஊட்டவில்லை, ஊசியில் ஏற்றவில்லை. தோல் வழியாகவே போன நஞ்சு. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. குழந்தையின் தோலைப் பூட்டிய கதவு என்று நினைக்காதீர்கள், அது பாதி திறந்தே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, குளியலுக்கு வருவோம். பிறந்தவுடன் குழந்தையின் உடம்பில் வெண்ணெய் போல ஒரு படலம் ஒட்டியிருக்கும். பல வீடுகளில் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுக்கப் பார்ப்பார்கள். அது கருவறையிலிருந்து குழந்தை பூசிக்கொண்டு வந்த முதல் களிம்பு. ஈரத்தைக் காக்கிறது, கிருமியையும் தடுக்கிறது. பிறந்து 24 மணி நேரமாவது குளிப்பாட்டாமல் இருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு, உடம்பின் சூடு குறையாமல் பார்ப்பதோடு இதுவும் ஒரு காரணம். துணியால் ஒற்றித் துடைத்து, தாயின் நெஞ்சோடு சேர்த்துப் படுக்க வைத்தால் போதும்.

நம் ஊர் வெயிலுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதில் தவறில்லை. ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். தண்ணீரை உள்ளங்கையால் பார்க்காதீர்கள். சமையலில் காய்ந்துபோன கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முழங்கையை நனைத்துப் பாருங்கள். ஆனால் சோப்பு தினமும் வேண்டாம். தவழாத, மண்ணில் விளையாடாத குழந்தையின் உடம்பில் தேய்த்துப் போக்கும்படி என்ன அழுக்கு இருக்கிறது? பால் வழியும் கழுத்து மடிப்பு, அக்குள், அரை இவற்றுக்கு மட்டும், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.

எந்தச் சோப்பு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டி.எஃப்.எம். எண் பெரியதாக இருந்தால் குழந்தைக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அந்த எண் சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதைக் காட்டும். 76 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் தரம். தரத்துக்கு அது சரியான அளவுகோல்தான். ஆனால் தோலுக்கு மென்மையா என்பதை அது சொல்லாது. எவ்வளவு உயர்ந்த சோப்பானாலும் கொழுப்பும் காரமும் சேர்ந்து உண்டானதுதான் சோப்பு. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு அதற்கு 9, 10 என்று இருக்கும். குழந்தையின் தோல் தேடிக்கொண்டிருப்பதோ ஐந்தரைக்குப் பக்கத்தில். அதனால்தான் வறண்ட தோலுள்ள குழந்தைகளுக்குத் தோல் மருத்துவர்கள் சின்டெட் என்ற வகையை எழுதிக் கொடுக்கிறார்கள். பார்வைக்குச் சோப்புக் கட்டி போலவே இருக்கும், அந்தக் காரம் இருக்காது. விலை கூடுதல்தான். தேவைப்படும் இடத்தில் மட்டும் தடவினால் ஒரு கட்டி பல மாதம் வரும். அதையும் வாங்க முடியாவிட்டால் வெறும் தண்ணீர் போதும். அதனால் எந்தக் குழந்தைக்கும் குறைவு வந்துவிடாது.

கடையில் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். 'இயற்கையானது', 'ஒவ்வாமை தராதது' என்ற சொற்களைப் பார்த்ததும் நம் மனம் இளகிவிடுகிறது. அவை விற்பவர் தாமே போட்டுக்கொள்ளும் சொற்கள். பெட்டியைத் திருப்புங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதிகம் சேர்த்தது முதலில் வரும் என்பது நம் நாட்டு விதி. அந்தப் பட்டியலில் ஃபிராக்ரன்ஸ் அல்லது பர்ஃப்யூம் என்று இருந்தால் வைத்துவிடுங்கள். வாசனைக்காக எத்தனை ரசாயனம் கலந்தாலும் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். ஈரத் துடைப்பான் வாங்கினால் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற நீளமான பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வாமை அதிகம் தருகிறது என்று, பூசியபின் கழுவாமல் விடும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்திருக்கிறது. வீட்டில் இருக்கும்போது ஈரத் துடைப்பான் எதற்கு? பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசி வைத்துக்கொள்ளுங்கள்.

பவுடரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் உறுத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே எல்லாக் குழந்தைகளுக்கும் பவுடர் போட்டிருக்கிறேன். ஒருநாள் காலையில், ஜன்னல் வழியே சரிந்து விழுந்த வெயிலில் ஒரு குழந்தைக்குப் பவுடர் தட்டினேன். வெள்ளைத் துகள்கள் எழும்பி அந்த வெளிச்சத்தில் சுழன்றன. குழந்தை வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. துகள்கள் அந்த வாயை நோக்கி இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன். அன்றோடு நிறுத்திவிட்டேன். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் டால்க் என்ற கனிமத் தூள் கலந்த குழந்தைப் பவுடர் விற்பனையை 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-இல் உலகம் முழுவதும் நிறுத்தி, சோள மாவுக்கு மாறியது. டால்க்கோ சோள மாவோ, நுரையீரலுக்குள் போனால் எதுவும் தூசிதான். வேர்க்குரு வந்தால் காற்றோட்டமும் மெல்லிய பருத்திச் சட்டையும்தான் மருந்து.

அடுத்து நம் வீட்டுப் பழக்கங்கள். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்களிடம் நல்லதும் இருக்கிறது. தேங்காய் எண்ணெயைக் கையில் சூடு பறக்கத் தேய்த்து, குழந்தையின் காலை மெல்ல நீவிவிடுகிறீர்களே, அதைப் போல ஒரு லோஷன் செய்யாது. குளித்து ஈரம் முழுதும் காய்வதற்குள் அந்த எண்ணெயை மெலிதாகப் பூசுங்கள். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரலாம். சளிக்கென்று எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும், அப்படி வந்த குழந்தைகளை நான் தூக்கியிருக்கிறேன். கடை மையில் ஈயம் இருக்கலாம். திருஷ்டிக்கென்றால் கண்ணில் தீட்டாமல் உள்ளங்காலில் ஒரு பொட்டு வையுங்கள். தொப்புளில் எதுவுமே போட வேண்டாம், தானாகக் காய்ந்து விழட்டும்.

அந்தச் சம்படத்து மாவுக்கு வருகிறேன். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் சேர்த்து, பேரப்பிள்ளைக்காக வெயிலில் காயவைத்து அரைத்திருந்தார் பாட்டி. ஒரு சிட்டிகை எடுத்து அவருடைய முழங்கையின் உட்புறத்தில் தேய்த்துக் காட்டினேன். "நறநறவென்று இருக்கிறதே" என்றார். அந்த நறநறப்பில்தான் முதுகு வறண்டது. கழுவியும் போகாத மாவு கழுத்து மடிப்பில் தங்கி ஊறியதில்தான் தோல் நைந்தது. முதுகில் இருக்கும் பூனைமுடி தானாகவே உதிர்ந்துவிடும், தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. "அப்படியென்றால் மாவே வேண்டாமா?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது. "ஓடியாடி மண்ணில் புரளும் வயது வரட்டும் அம்மா. அப்போது மெல்லிய துணியில் சலித்து, வஸ்திரகாயம் செய்து கொடுங்கள்" என்றேன்.

மருத்துவர் பார்த்துக் கழுத்துக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மற்ற எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். புதிதாக எதையாவது வாங்கினால் முதலில் குழந்தையின் முன்கையில் காசு அளவு தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். கொப்புளம், சீழ், காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னோம். அதை உங்களுக்கும் சொல்கிறேன். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையென்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து மூவரும் வந்தார்கள். கன்னத்தில் சிவப்பு இல்லை. கழுத்தைத் தூக்கிப் பார்த்தேன், மடிப்பு காய்ந்து, புதுத் தோல் மூடியிருந்தது. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, பாட்டி பையிலிருந்து ஒரே ஒரு தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வணக்கம்.