பச்சை விளக்கு எரிந்தால்தான் வேலையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பணியாளர்களைக் கணினி வழியாகக் கண்காணிப்பது நிறுவனத்துக்குப் பாதுகாப்பா, தனிமனிதர் மீதான அத்துமீறலா என்பது இன்றைய தலைப்பு. அத்துமீறலே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அழுத்தமாகவே பேசினார். கணினி நிறுவனத்துடையது, அதில் நடப்பதைப் பார்க்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்றார். வேலையில் சேரும்போதே எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தானே என்றார். தரவுத் திருட்டைத் தடுக்க இதை விட்டால் வேறு வழியில்லை என்றார்.

கணினி யாருடையது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். வீடு வீட்டுக்காரருடையதுதான். அதற்காகக் குடியிருப்பவரின் படுக்கையறைக்குள் அவர் எட்டிப் பார்க்கலாமா? இதே கேள்வி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ருமேனியாவில் ஒரு தனியார் நிறுவனம், விற்பனைப் பிரிவில் இருந்த ஒரு பொறியாளரிடம், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காக இணையத்தில் செய்தி அனுப்பிப் பேச உதவும் யாஹூ மெசஞ்சரில் கணக்குத் தொடங்கச் சொன்னது. 2007 ஜூலையில் அவரைக் கூப்பிட்டு, இதைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்றார்கள். அவர் மறுத்தார். உடனே 45 பக்கத்துக்கு அச்சடித்த தாள்களை எடுத்து நீட்டினார்கள். தம்முடைய சகோதரரிடமும், திருமணம் செய்துகொள்ளவிருந்த பெண்ணிடமும் அவர் பேசியவை அதில் வரிக்கு வரி இருந்தன. சில செய்திகள் வெளியில் சொல்லவே கூச்சப்படும் அந்தரங்கமானவை. அந்தத் தாள்கள் எத்தனை கைகள் மாறியிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அடுத்த மாதமே அவருக்கு வேலை போய்விட்டது.

அலுவலகக் கணினியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அங்கே இருந்தது உண்மைதான். அதை வைத்து 2016-ல் அந்த நீதிமன்றத்தின் முதல் அமர்வு அவருக்கு எதிராகவே சொன்னது. ஆனால் 2017 செப்டம்பரில் 17 நீதிபதிகள் அமர்ந்த பெரிய அமர்வு அதை மாற்றியது. 11 பேர் அவர் பக்கம் நின்றார்கள். கண்காணிப்பு எந்த அளவுக்குப் போகும், எழுதியதையே எடுத்துப் படிப்பார்கள் என்பதையெல்லாம் அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்றார்கள். பணியிடத்தில் ஒருவருடைய தனிப்பட்ட வாழ்க்கையை ஒன்றுமே இல்லாமல் ஆக்கிவிட நிறுவனத்தின் உத்தரவால் முடியாது என்றும் தெளிவாகவே சொன்னார்கள். ஆக, கணினி என்னுடையது என்ற ஒற்றை வரி போதாது, நடுவர் அவர்களே.

சரி, சம்மதத்துக்கு வருவோம். வேலைக்கான ஆணையோடு சேர்ந்து இருபது பக்கக் கொள்கை ஆவணமும் வருகிறது. பதினான்காம் பக்கத்தில் கண்காணிப்பு பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்திக்கு மட்டும் சம்மதமில்லை என்று எழுதிவிட்டு வேலையில் சேர்ந்தவர் யாரையாவது எதிரணி காட்டட்டும். மறுத்தால் வேலை போய்விடும் என்ற இடத்தில் வாங்கும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளும் இதையேதான் சொல்கின்றன: முதலாளிக்கும் பணியாளருக்கும் இடையே அதிகாரம் சமமாக இல்லாததால், பணியாளரின் சம்மதத்தைப் பெரும்பாலும் சுதந்திரமான சம்மதமாகக் கொள்ள முடியாது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, 2024-ல் வெல்ஸ் பார்கோ வங்கி பத்துப் பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கியதைச் சொன்னார். விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் போலியாகக் காட்டினார்கள் என்பது அவர்கள் மீதான புகார். ஏமாற்றுவது தவறு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மவுஸை அசைத்துவிட்டாலே ஏமாந்துபோகும் கருவி எதை அளக்கிறது? மவுஸின் அசைவைத்தான் அளக்கிறது, உழைப்பை அல்ல.

நிரல் எழுதும் ஒருவருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எங்கோ பிழை இருக்கிறது, பிடிபடவில்லை. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு ஒரு தாளை இழுத்துக்கொள்கிறார். கட்டம் போடுகிறார், அம்புக்குறி வரைகிறார், அடிக்கிறார், மறுபடி வரைகிறார். அன்றைய நாளின் உண்மையான வேலையே அதுதான். திரையிலோ பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சை விளக்கு மஞ்சளாகிவிட்டது. 'செயலற்ற நேரம்' என்று ஏறிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனித்ததும் கை தானாக நீண்டு மவுஸைத் தட்டுகிறது. தட்டிவிட்டுத் தாளுக்குத் திரும்பினால் எந்த அம்புக்குறியில் விட்டோம் என்று தெரியவில்லை. யோசிப்பதற்காகச் சம்பளம் கொடுத்துவிட்டு, யோசிக்கும் நேரத்தைக் குற்றமாகக் கணக்கெழுதுவது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் பாதுகாப்பு. தரவுத் திருட்டு நடக்கிறது, அதைத் தடுத்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வாடிக்கையாளர் தரவை யார் எப்போது திறந்தார் என்று பதிவு செய்யுங்கள். தேவைப்படுபவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். சொந்தக் கைபேசியில் அலுவலகச் செயலி வேண்டுமா, அலுவலகப் பகுதியைத் தனியாகப் பிரித்து வைக்கும் வசதி இன்று கைபேசிகளிலேயே இருக்கிறது. வேலையை விட்டுப் போகும்போது அந்தப் பகுதியை மட்டும் அழித்தால் போதும், குடும்பப் படங்களைத் தொட வேண்டியதில்லை. இவையெல்லாம் தரவைக் காக்கும் வேலிகள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிப்பது எதைக் காக்கிறது? ஒருவரின் வங்கி இருப்பு, மருத்துவ அறிக்கை, மகளின் பள்ளிச் செய்தி எல்லாம் அந்தப் படங்களில் போய் விழுகின்றன. அந்தக் குவியலைத் திருடர்களிடமிருந்து யார் காப்பாற்றுவது?

இது வெறும் பயம் இல்லை. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் எச் அண்ட் எம் என்ற ஆடை விற்பனை நிறுவனத்தின் சேவை மையத்தில், விடுப்பு முடிந்தோ நோயிலிருந்து தேறியோ திரும்பியவரிடம் மேற்பார்வையாளர் நலம் விசாரிப்பார். பணியாளர்கள் மனம்விட்டுச் சொன்ன நோய் விவரங்களும், குடும்பச் சிக்கல்களும், மத நம்பிக்கையும்கூடக் கணினியில் குறிப்புகளாக ஏறின. ஐம்பது மேலாளர்கள் வரைக்கும் அவற்றைப் படிக்க முடிந்தது. 2019 அக்டோபரில் ஓர் அமைப்புப் பிழையால் சில மணி நேரம் நிறுவனம் முழுவதற்கும் அது திறந்துகொண்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது. மறு ஆண்டு சுமார் 3.53 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். அபராதத்தைக் கட்டிவிடலாம். நலம் விசாரிக்கும் ஒருவரை அந்தப் பணியாளர்கள் இனி எப்படி நம்புவார்கள்?

இவற்றைத் தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று சொல்ல முடியாது, மனிதர்கள் எடுக்கும் முடிவு. 2020-ல் மைக்ரோசாஃப்ட், தன் அலுவலக மென்பொருள்களைப் பணியாளர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் உற்பத்தித்திறன் மதிப்பெண் கருவியில் தனித்தனிப் பணியாளர்களின் பெயரோடு விவரம் காட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 1 அன்று பெயர்களை நீக்குவதாக அறிவித்தது. நீக்க முடிந்த பெயர்களை முதலில் வைத்ததே ஒரு முடிவுதானே?

கடைசியாக ஒன்று. 2006-ல் ஹியூலட் பேக்கர்ட் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தில், இயக்குநர் குழுவின் பேச்சு வெளியே கசிகிறது என்று துப்பறிவாளர்களை ஏவினார்கள். அவர்கள் ஆள்மாறாட்டம் செய்து இயக்குநர்களின், பத்திரிகையாளர்களின் தொலைபேசி விவரங்களைப் பெற்றார்கள். செப்டம்பரில் செய்தி வெடித்தது. அதே மாதம் தலைவர் பதவி விலகினார், அமெரிக்க நாடாளுமன்றம் விசாரித்தது. 2007 ஜனவரியில் அப்படி விவரம் பெறுவதைக் குற்றமாக்கும் சட்டமும் கையெழுத்தானது. நல்லது, அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் இயக்குநரின் தொலைபேசியைத் தொட்டால் அது குற்றம், பணியாளரின் திரையை நாள் முழுக்கப் படம் பிடித்தால் அது கொள்கையா?

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் கேட்கிறேன். பாதுகாப்பு என்று நீங்கள் சொல்லும் இதே மென்பொருளைத் தலைமை நிர்வாகியின் கணினியில் நிறுவி, அந்த அறிக்கையைப் பணியாளர் அனைவரும் பார்க்கும்படி வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரை இந்த மேடையில் சொல்லுங்கள். அவர் தரும் பதிலைக் கேட்டுவிட்டு நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்கட்டும். நன்றி, வணக்கம்.