கிமு 148-இல் போட்ட சாலை பத்தே ஆண்டில் மூழ்கியது ஏன்?

[திரையில்: கருஞ்சேற்றில் வரிசையாகக் கிடக்கும் பலகைகள்]

வணக்கம் நண்பர்களே! இந்தப் பலகையின் முனையைப் பாருங்கள். ஒரு துளை தெரிகிறதா? அதில் முளை அடித்துப் பலகையைச் சதுப்பில் இறுக்கியிருக்கிறார்கள். இதற்கான ஓக் மரங்களை வெட்டியது கிமு 148-இன் இறுதி, தவறினால் 147-இன் தொடக்கம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது!

இடம், அயர்லாந்தின் லாங்ஃபோர்ட் மாவட்டத்துக் கோர்லி சதுப்பு. 1984-இல் எரிபொருளுக்காகப் பீட் மண்ணை, அதாவது சதுப்பில் அரைகுறையாக மக்கிய தாவரங்கள் சேர்ந்த மண்ணை, சுரண்டியபோது பலகைகள் தலைகாட்டின. பேராசிரியர் பேரி ராஃப்டரியின் குழு அகழாய்வு செய்தது. பின்னணி இவ்வளவுதான்.

[திரையில்: மர வளையங்கள்]

சரி, ஆண்டு எப்படித் தெரிந்தது? மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடுகிறது. செழித்த ஆண்டில் அகலமாக, வாடிய ஆண்டில் ஒடுக்கமாக. ஒரே வட்டாரத்து ஓக் மரங்களில் இந்த வரிசை பெரும்பாலும் ஒத்துப்போகும். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயிருள்ள மரம், பழைய கட்டடத்து உத்தரம், சதுப்பில் புதைந்த அடிமரம் என ஒன்றோடொன்றைப் பொருத்தி, 7000 ஆண்டுகளுக்கும் மேல் நீளும் வரிசையை உருவாக்கிவிட்டார்கள். கோர்லி மரத்தின் வளையங்கள் அதில் எங்கே பொருந்துகின்றன என்று பார்த்தார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மிஞ்சியிருந்தால், வெட்டிய பருவம்கூடப் பிடிபடும். தொல்லியலில் இதைவிட அழகான வேலை வேறில்லை என்பேன்! தெரியாத நண்பர் ஒருவருக்காவது இந்த வீடியோவை அனுப்புங்கள்.

சாலையின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். அடியில் நீளவாக்கில் பிர்ச் மரங்கள். மேலே குறுக்காக, மூன்று மீட்டருக்கும் நீளமான ஓக் பலகைகள். வண்டியே போகலாம்! ரோமானியர் ஆட்சி எட்டியே பார்க்காத மண்ணில் இப்படி ஒரு வேலை. ரோமானியச் சாலைகளை மட்டுமே புகழ்கிறவர்கள் இதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தக் கனமே வினையாகிவிட்டது. இளகிய சதுப்பு ஓக் மரத்தின் பாரம் தாங்கவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுக்குள் சாலை உள்ளே போய்விட்டது. காற்று புகாத ஈரச் சேறு என்பதால் மரம் மக்கவில்லை. மூழ்கியதால்தான் நமக்குக் கிடைத்தது!

இப்போது 18 மீட்டர் பகுதியைக் கோர்லி பார்வையாளர் மையத்தில் காணலாம். உலர்ந்தால் மரம் வெடிக்கும் என்பதால் அந்தக் கூடத்தின் காற்றை ஈரமாகவே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று: பலகைகளில் பெரிய தேய்மானம் இல்லை, பழுதுபார்த்த தடயமும் இல்லை. அப்படியானால் இதை எதற்குப் போட்டார்கள்? வணிகத்துக்கா, சடங்குக்கா, ஒரு தலைவன் தன் வலிமையைக் காட்டவா? நான் மூன்றாவதன் பக்கம். உங்கள் கட்சி எது? கமெண்டில் காரணத்தோடு எழுதுங்கள்.