ஒரு மானிய விதியும் மார்பகப் பரிசோதனையும்

நேயர்களுக்கு வணக்கம். பெண்களின் மருத்துவத்துக்கென்று மக்கள் மனமுவந்து தரும் நன்கொடைக்குள் அரசியல் எந்த வழியாக நுழைகிறது என்பதை, 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் நான்கே நாட்களில் நடந்து முடிந்த ஒரு நிகழ்வை வைத்து விளக்க விரும்புகிறேன்.

முப்பத்தாறு வயதில் மார்பகப் புற்றுநோய்க்குத் தம் அக்காவைப் பறிகொடுத்த நான்சி பிரிங்கர், அவர் நினைவாக 1982இல் தொடங்கிய அறக்கட்டளை சூசன் ஜி. கோமன். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் சின்னமான இளஞ்சிவப்பு ரிப்பனை உலகறியச் செய்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்த அறக்கட்டளை, பிளான்டு பேரன்ட்ஹுட் என்னும் குடும்பநல அமைப்பின் மருத்துவ மையங்கள் சிலவற்றுக்கும் மானியம் தந்துவந்தது. அம்மையங்களில் செவிலியர் தம் விரல் நுனிகளால் மார்பகத்தையும் அக்குளையும் சிறிது சிறிதாக அழுத்திப் பார்ப்பார். கட்டி என்று ஐயம் எழுந்தால், மாமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுப்பதற்குப் பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுப்பார். காப்பீடு இல்லாத பெண்கள் பலருக்கு ஆண்டில் கிடைக்கும் ஒரே மருத்துவப் பரிசோதனை அதுவாகத்தான் இருந்தது. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 1,70,000 பரிசோதனைகளுக்கு அந்த மானியம் கைகொடுத்தது.

அதே அமைப்பு கருக்கலைப்புச் சேவையும் அளிப்பதால், அதை எதிர்ப்பவர்கள் கோமனுக்கு நெடுங்காலமாக நெருக்கடி கொடுத்துவந்தார்கள். 2011 செப்டம்பரில் புளோரிடாவைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கிளிஃப் ஸ்டேர்ன்ஸ், பிளான்டு பேரன்ட்ஹுட்டின் கணக்குவழக்குகளைப் பற்றி விசாரணை தொடங்கினார். அதன்பின், அரசு விசாரணைக்கு உள்ளான எந்த அமைப்புக்கும் மானியம் இல்லை என்று கோமன் விதி வகுத்தது. காகிதத்தில் படித்தால் குறை சொல்ல முடியாத விதிதான். ஆனால், விசாரணை தொடங்குவதற்கு ஓர் அரசியல்வாதி மனம் வைத்தாலே போதும் என்னும்போது, யாருக்குப் பணம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அறக்கட்டளையா, அந்த அரசியல்வாதியா? இன்னொன்றையும் விமரிசகர்கள் சுட்டிக்காட்டினார்கள்: அப்போது கூட்டரசின் விசாரணையில் இருந்த பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்குக் கோமன் ஒதுக்கியிருந்த 75 லட்சம் டாலர் மானியத்தை அந்த விதி தொடவே இல்லை.

அந்த விதியின்படி பிளான்டு பேரன்ட்ஹுட்டுக்கு மானியம் நிறுத்தப்படும் செய்தி 2012 ஜனவரி 31 அன்று வெளிவந்தது. நிறுத்தப்படவிருந்தது ஆண்டுக்கு ஏழு லட்சம் டாலருக்கும் குறைவான தொகை. மூன்றே நாட்களில் பிளான்டு பேரன்ட்ஹுட்டுக்கு வந்து குவிந்த நன்கொடையோ ஏறத்தாழ 30 லட்சம் டாலர். பிப்ரவரி 3 அன்று கோமன் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றது; விசாரணை குற்றவியல் சார்ந்ததாகவும் முடிவு கண்டதாகவும் இருக்க வேண்டும், அரசியல் சார்ந்ததாக இருக்கக் கூடாது என்று விதியைத் திருத்தப்போவதாகவும் அறிவித்தது. அடுத்த சில நாட்களில், கோமனின் பொதுக்கொள்கைப் பிரிவின் துணைத் தலைவராக இருந்த கேரன் ஹேண்டல் பதவி விலகினார். இவர் 2010இல் ஜார்ஜியா ஆளுநர் பதவிக்கு வேட்பாளராக நின்றபோதே பிளான்டு பேரன்ட்ஹுட்டுக்கு அரசு நிதி கூடாது என்று சொன்னவர்.

இதை மக்கள் எழுச்சியின் வெற்றி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சியில் முழுமையாகப் பங்குகொள்ள இயலவில்லை. முதல் முடிவால் ஒரு சாராரும், அதைத் திரும்பப் பெற்றதால் மறுசாராரும் கோமனைக் கைவிட்டார்கள். அடுத்த நிதியாண்டில் அதற்கு வந்த நன்கொடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. கோமனின் உள்ளூர்க் கிளைகள் திரட்டும் பணத்தில் முக்கால் பங்கு வரை அந்தந்த ஊரின் பரிசோதனை, சிகிச்சை உதவிகளுக்கே செலவாகிவந்தது. ஆகவே அந்தக் குறைவு, இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் நிற்காத, ஒரு மாமோகிராம் சீட்டுக்காக மட்டுமே வரிசையில் நின்ற பெண்களின் கணக்கிலும் எழுதப்பட்டது. வணக்கம்.