கடைக் காரும் வரிக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற நவம்பரில் புறக்கோட்டை ஹாட்வெயார் வியாபாரி ஒருவர் ஒரு புடைவைக்கடைப் பையை, வரிக் கணக்குப் பார்க்கும் என் மேசையில் கவிழ்த்தார். அத்தனையும் பெற்றோல் பற்றுச்சீட்டுகள். பாதியில் எழுத்தே இல்லை. அந்த வழுவழுத்த தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும்.

"எல்லாம் கடைச் செலவு ஐயா, கார் கடைப் பெயரில்தானே இருக்கிறது" என்றார்.

யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட எதற்காக ஓடியது என்பதே முக்கியம். வெள்ளவத்தை வீட்டிலிருந்து கடைக்கு வருவது சொந்தச் செலவு. கடையிலிருந்து பேலியகொடைக் களஞ்சியத்துக்குப் போவது வியாபாரச் செலவு. பிள்ளையை டியூஷனில் விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆண்டில் 12,000 கிலோமீற்றர் ஓடி, அதில் 7,200 வியாபாரத்துக்கு என்றால், பெற்றோல், சர்வீஸ், காப்புறுதி ஆகியவற்றில் 60 வீதத்தை வியாபார வருமானத்திலிருந்து கழிக்கலாம்.

அந்த 7,200ஐ எப்படிக் காட்டுவது? காருக்குள் ஒரு கொப்பி போதும். திகதி, மீற்றர் எண், பக்கத்தில் 'களஞ்சியம், பெயின்ட் 40 வாளி'. வரி ஆண்டு தொடங்கும் ஏப்ரல் 1இலும் முடியும் மார்ச் 31இலும் மீற்றரைப் படம் பிடித்து வையுங்கள். நவம்பர் 30க்குள் வருமான வரி விபரத்திரட்டு கொடுக்க வேண்டுமே என்று ஒரே இருப்பில், ஒரே பேனையால் எழுதிய கொப்பி எனக்கே தெரிந்துவிடுகிறது. வரி அதிகாரிக்குத் தெரியாதா?

பலர் ஏமாறுவது காரின் விலையில்தான். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் சாதாரண காருக்குப் பெறுமானத்தேய்வுச் சலுகை, அதாவது வாங்கிய விலையை ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்கும் சலுகை, தருவதில்லை. லொறிக்கு வேறு நியாயம்: 60 இலட்சத்துக்கு வாங்கினால் ஆண்டுக்கு 12 இலட்சமாக ஐந்து ஆண்டுகளில் கழித்துவிடலாம். வாடகைக்கு ஓட்டுவதே தொழில் என்றால் அந்தக் காருக்கும் இது கிடைக்கும். நம் நண்பர் லொறி வாங்க வேண்டிய பணத்தில் கார் வாங்கியிருந்தார். அது அவர் விருப்பம்.

பையின் அடியில் இன்னொரு தாள் கிடந்தது. காலி வீதியில் வேகமாக ஓட்டியதற்குக் கட்டிய தண்டப்பணம்.

"இதுவும் கடை வேலையாகப் போனபோதுதான்" என்றார்.

இருக்கலாம். ஆனால் சட்டத்தை மீறியதற்காக அரசுக்குக் கட்டிய தண்டத்தைக் கழிக்க முடியாது. திருப்பிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கொப்பி வாங்க எந்தக் கடை நல்லது என்று கேட்டார்.