கூட நிற்பவரின் கூலி

(கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் வட்டாரத்தில், அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலைகளின் பெண்களும் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில், குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமாரே, தங்கச்சிமாரே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரே, எல்லாருக்கும் வணக்கம்.

பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் மருந்து, ஸ்கேன், ஆபரேஷன் என்றுதான் நாம் கணக்குச் சொல்லுவோம். அரசு ஆஸ்பத்திரியில் இதில் பெரும்பாலானதற்குக் காசு கிடையாது. ஆனாலும் அங்கிருந்து வீடு திரும்புகிற குடும்பங்களில் பலவும் கடனோடுதான் திரும்புகின்றன. அது எப்படி? என் வேலைக்காலம் முழுக்க மனதை உறுத்திய கேள்வி இது.

பெரியவர் ஒருவர் படுத்தால் ஒரு ராத்திரி தனியாகக் கிடக்கலாம். பிள்ளையை அப்படி விட முடியாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ட்ரிப்ஸ் ஏறும்போது கையை அசைக்காமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அது அம்மா. வெளியே கஞ்சி வாங்க, ரத்தம் கொடுக்க ஆள் பார்க்க, சீட்டைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓட இன்னோர் ஆள் வேண்டும், அது அப்பா. வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்க பாட்டி தன் வேலையை விட்டுவிட்டு வந்து இருக்க வேண்டும். படுத்தது ஒரு பிள்ளை, நின்றுபோனது மூன்று பேருடைய கூலி.

நம்முடைய தொழில்களை நினைத்துப் பாருங்கள். அண்டி தல்லி உடைக்கிறவளுக்கு எத்தனை கிலோவோ அத்தனை காசு. போகாத நாளுக்கு ஒன்றுமில்லை. பால்வெட்டுக்காரர் விடியுமுன்னே மரத்தடியில் நிற்க வேண்டும். நாலு நாள் வராவிட்டால் தோட்டக்காரர் வேறு ஆளைத் தேடுவார். குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போகாதவருக்குப் பங்கு கிடையாது. கொத்தனாருக்கும் கையாளுக்கும் இதே கதைதான். அம்மாவுக்கு நாள் கூலி 400, அப்பாவுக்கு 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை நிமோனியாவுக்குப் பத்து நாள் படுத்தால் 12,000 ரூபாய் வராமல் போகிறது. அதன்மேல் பஸ்ஸுக்கு, ஆட்டோவுக்கு, சாப்பாட்டுக்கு. இந்த 12,000-க்கு எந்த ஆஸ்பத்திரியும் பில் போடுவதில்லை. பில் இல்லாததால் எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

மத்திய அரசு வெளியிடும் சுகாதாரக் கணக்கில், மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போடுவது 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம் என்று காட்டியிருக்கிறார்கள். நல்ல இறக்கம்தான், சந்தோஷப்படுவோம். ஆனால் போன கூலி அந்தக் கணக்குக்குள்ளே வராது. கம்மலைப் பணயம் வைத்ததும், குழுக் கடனுக்கு வாரத் தவணை முட்டியதும் வராது.

நீண்ட நோய் வந்தால் இன்னும் கஷ்டம். பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று வருஷம் சிகிச்சை ஓடும். நம் மாவட்டத்துக்காரர்கள் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுவது இன்று நேற்றுப் பழக்கமில்லை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள் அல்லவா. அங்கே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று இருக்கும் எஸ்.ஏ.டி. (ஸ்ரீ அவிட்டம் திருநாள்) ஆஸ்பத்திரி, சிறுவயதிலேயே இறந்துபோன அரண்மனைப் பிள்ளை ஒன்றின் பேரில் எழுந்தது. அரண்மனைக்கும் அந்தத் துக்கம் இருந்திருக்கிறது. ஆனால் கூட நிற்கிற நமக்கு அங்கே லாட்ஜ் வாடகை, ஹோட்டல் சாப்பாடு, வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்துபோகும் செலவு. நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்த ஆஸ்பத்திரியில் எடுபடுமா என்று புறப்படும் முன்பே 1800 425 3993-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். இலவச அழைப்புதான். சேர்த்த பிறகு கேட்டால் பலன் இல்லை.

அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். பிள்ளை ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது வருமானச் சான்றுக்காக அப்பா அலைவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நல்லா இருக்கும்போதே எடுத்து வையுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்தும் பரிசோதனையும் மட்டுமல்ல, போக்குவரத்தும் இலவசம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் டாக்டர் குழு பதினெட்டு வயது வரைக்கும் பார்க்கும். இருதயக் கோளாறு, அன்னப்பிளவு, வளைபாதம் எல்லாம் அங்கேயே கண்டுபிடித்து இலவச சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

இனி, எனக்கு மிகவும் வேதனை தந்த விஷயம். பாதிச் சிகிச்சையில் ‘சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற பெற்றோர். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் கையெழுத்துப் போடுவார்கள். ஊசி மருந்து முடிந்திருக்காது. அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுகிறவர்களும் உண்டு. திட்டாதீர்கள். சனிக்கிழமை சம்பளம் இல்லையென்றால் திங்கட்கிழமை வீட்டில் அரிசி இல்லை, அவ்வளவுதான் காரணம். அந்தப் பிள்ளை சில நாளில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். அப்போது அரசுக்கும் செலவு இரட்டிப்பு.

அதனால்தான் கேட்கிறேன்: பிள்ளைக்குக் கூட நிற்பவரின் கூலியை அரசு தர வேண்டும். இது புதிய ஆசையல்ல. மீன்பிடித் தடைக்காலமான 61 நாள் கடலுக்குப் போக முடியாதே என்று மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறார்கள். பிள்ளை பெறும் தாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு வருகிறது. அவள் இழக்கும் வருமானத்தை ஈடுகட்டுவதும் அந்தத் திட்டத்தின் நோக்கம். பெற்றபோது ஈடு உண்டு, அதே பிள்ளை மூன்று வயதில் வார்டில் கிடந்தால் இல்லை என்பதில் என்ன நியாயம்? அண்டி ஆபீஸில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. நீங்கள் நோயாகப் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. பிள்ளைக்காக நின்றால் ஒரு ரூபாய் கிடையாது. சுவீடனில் நோய்வாய்ப்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு வருஷத்துக்கு 120 நாள் வரை உதவித்தொகை உண்டு. அவ்வளவு வேண்டாம், பிள்ளை உள்நோயாளியாக இருக்கும் நாட்களுக்கு மட்டும், கூட நிற்கும் ஒருவருக்கு, குறைந்தபட்சக் கூலி. டிஸ்சார்ஜ் சீட்டில் நாள் எண்ணிக்கை இருக்கிறது. வங்கிக் கணக்கு எல்லாரிடமும் இருக்கிறது.

அரசு தரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். கோயில் கமிட்டியும் பள்ளிவாசலும் சபையும் ஆபரேஷன் என்றால் அள்ளித் தருகின்றன, நம் ஊரின் பெருமை அது. அடுத்த தடவை ஆபரேஷன் இல்லாத பிள்ளையின் வீட்டுக்கும் போய் ‘எத்தனை நாள் வேலைக்குப் போகல?’ என்று கேளுங்கள். சுய உதவிக் குழுவில் ஆளுக்கு மாசம் இருபது ரூபாய் தனியாகச் சேர்த்து, அதை இதற்கென்றே வைக்கலாம்.

மனு மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், முடியாதவர்கள் ரேகை வையுங்கள். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். வருகிறவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாதவர்கள் அதற்கும் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.