அப்பார்க் மாளிகை: எரிந்த வீட்டுக்குத் திரும்பி வந்த முதுமை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்தார்கள் என்று கேட்டவுடன், வெள்ளையடித்த சுவரும் பளபளக்கும் தரையும்தான் நம் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில் உள்ள அப்பார்க் மாளிகைக்கு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு செலவழித்தவர்கள், வேலை முடிந்தபின் அது புதியதாகத் தோன்றிவிடக் கூடாதே என்றுதான் கவலைப்பட்டார்கள்.

1690 வாக்கில் கட்டப்பட்ட அந்த வீட்டை 1747இல் சர் மேத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா வாங்கி, இத்தாலிய ஓவியங்களாலும் அருமையான மரச்சாமான்களாலும் நிரப்பினார். அவருடைய மகன் ஹாரி, எழுபது வயதைக் கடந்தபின், 1825இல் தம் பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் என்ற இளம்பெண்ணை மணந்துகொண்டார். ஊர் சிரித்திருக்கும். ஆனால் கணவருக்குப்பின் அந்தப் பெண்ணும், அவருக்குப்பின் அவருடைய தங்கையும், 1895 வரை அந்த வீட்டை ஏறக்குறைய இருந்தது இருந்தபடியே வைத்துக் காத்தார்கள். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் தாயார் வீட்டு நிர்வாகியாகப் பணிபுரிந்ததும் அந்தத் தங்கையிடம்தான். பிற்காலத்தில் அங்கே வாழ்ந்த மெக் மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா என்ற சீமாட்டி, இற்றுப்போன பழைய திரைச்சீலைகளைச் சோப்புப்பூண்டு என்ற செடியின் சாற்றில் அலசிச் செப்பனிட்டார். 1954இல் மாளிகை, பழம்பெரும் இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. வெளிறிய நிறங்களும் நைந்த துணிகளுமே அப்பார்க்கின் செல்வம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

1989 ஆகஸ்ட் 30. கூரையில் நடந்துவந்த பழுதுபார்ப்பு முடியச் சில நாள்களே இருந்தன. ஈயத் தகடுகளைப் பற்றவைத்து இணைத்தபோது எழுந்த நெருப்பு கூரையின் அடிமரங்களில் ஏறிக்கொண்டது. பார்வையாளர்கள் வெளியேற்றப்பட்டனர், ஊழியர்களும் வீட்டாரும் தீயணைப்பு வீரர்களும் வரிசையாக நின்று, ஓவியங்களையும் நாற்காலிகளையும் கைமாற்றிப் புல்வெளியில் கொண்டுவந்து சேர்த்தனர். கூரையும் மேல்தளமும் சரிந்து விழுந்தன; கீழ்த்தளத்துப் பொருள்களில் பெரும்பகுதி பிழைத்தது.

இடிபாடாகவே விட்டுவிடலாம் என்றும், மீண்டும் கட்டினால் அது போலியாகிவிடும் என்றும் சிலர் வாதிட்டார்கள். அந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். ஆனால் உள்ளே இருந்தவை பிழைத்திருக்கும்போது, அவற்றுக்கென்றே அமைந்த அறைகளை மட்டும் கைவிடுவது எந்த வகையில் நேர்மையாகும்? காப்பீடு இருந்ததும் டிரஸ்டின் முடிவுக்குத் துணை நின்றது. தீப்பிடிப்பதற்கு முந்தைய நாள் வீடு எப்படி இருந்ததோ, அப்படியே திருப்பிக் கட்டுவது என்று தீர்மானித்தார்கள்.

இடிபாட்டை அள்ளிக் கொட்டிவிடவில்லை. அகழாய்வுக்களத்தைப் போலத் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்று குறித்துக்கொண்டு, கிட்டத்தட்ட 4,000 குப்பைத்தொட்டிகளில் நிரப்பிச் சலித்துப் பார்த்தார்கள். கருகிய மரச்செதுக்கில் ஓர் இலை கிடைத்தால், அதை வைத்து மற்ற இலைகளைச் செதுக்க முடியும் அல்லவா?

கூரைவிதானத்தின் சுதை வேலைதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்கள், முடி கலந்த சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்குள், அச்சின்றிக் கையாலேயே கொடியும் மலரும் வனைந்திருந்தார்கள். இங்கிலாந்தில் அந்தக் கைப்பழக்கம் அநேகமாக அற்றுப்போயிருந்தது. ஆகவே பழைய துண்டுகளை ஆராய்ந்து, தவறிச் செய்து, மறுபடி செய்து, கொத்தர்கள் அதைப் புதிதாகக் கற்றார்கள். செலவைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்தப் பணத்தில் ஒரு வீட்டோடு ஒரு தொழிலும் உயிர்பெற்றது.

1995இல் வாயில்கள் திறந்தன. சிவப்பு வரவேற்பறையில், தீக்குத் தப்பிய பழைய சுவர்த்தாளின் துண்டுகளை மீண்டும் ஒட்டி, இடைவெளிகளைப் புதுத்தாளால் நிரப்பி, பழையதன் மங்கலோடு அது ஒத்துப்போகும்படி நிறத்தைத் தணித்திருக்கிறார்கள். நடந்து போகிறவருக்கு வேறுபாடு தெரியாது. சுவரருகே நின்று பொறுமையாகப் பார்ப்பவருக்கு ஒட்டு எங்கே என்பது தெரியும்.