சீட்டில் பெயரே இல்லாதவர் மேயர் ஆனது எப்படி?

சரி, அடுத்த கேள்வி. "நியூயார்க் மாநிலம் பஃபலோவில் 2021-இல் உட்கட்சித் தேர்தலில் தோற்றவரே அப்புறம் மேயராகவும் ஜெயித்தார் என்கிறார்கள். வாக்குச்சீட்டில் அவர் பெயரே இல்லையாமே, இதில் தில்லுமுல்லு நடந்ததா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தில்லுமுல்லு இல்லை. சட்டப்படிதான் நடந்தது.

பஃபலோ மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர். 1960-களுக்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சி மேயர் கிடையாது. கட்சியின் மேயர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தால் மேயர் ஆனது போலத்தான். 2006-இலிருந்து பைரன் பிரவுன்தான் மேயராக இருந்தார். அந்த ஊரின் முதல் கறுப்பின மேயரும் அவரே. ஐந்தாவது முறைக்கு நின்றபோது நம்மை யார் அசைக்கப்போகிறார்கள் என்ற மிதப்பு வந்துவிட்டது. எதிர்த்து நின்ற இந்தியா வால்டன் என்ற பெண்மணியோடு ஒரு விவாதத்துக்குக்கூட மேடை ஏறவில்லை. வால்டன் நர்ஸ் வேலை பார்த்தவர், தன்னை சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர். ஜூன் மாதம் சுமார் ஆயிரம் ஓட்டில் பிரவுனைக் கவிழ்த்துவிட்டார்.

பிரவுன் விடவில்லை. சுயேச்சையாகப் பெயர் சேர்க்க மனுப் போட்டார். கெடு எப்போதோ முடிந்திருந்தது. கோர்ட்டுக்குப் போய் சாதகமான தீர்ப்பு வாங்கினார், மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. குடியரசுக் கட்சி ஆளே நிறுத்தாததால், நவம்பரில் நடந்த மேயர் தேர்தலின் சீட்டில் அச்சாகியிருந்த ஒரே பெயர் வால்டன்.

ஆனால் அந்தச் சீட்டில் ஒரு காலிக் கட்டமும் உண்டு. உங்களுக்குப் பிடித்த பெயரை அதில் நீங்களே எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தாலும், யாரைச் சொல்கிறீர்கள் என்பது புரிந்தால் ஓட்டு செல்லும். எழுதத்தான் வேண்டும் என்றும் இல்லை, பெயர் முத்திரை குத்தினாலும் போதும். பிரவுன் தரப்பு பெயர் பொறித்த ரப்பர் ஸ்டாம்ப்களைச் செய்து வாக்காளர்களுக்கு விநியோகித்தது. கையில் வைத்துக்கொண்டு போக வேண்டியது, கட்டத்தில் ஒரு குத்து, அவ்வளவுதான். "ரைட் டவுன் பைரன் பிரவுன்" (பைரன் பிரவுன் என்று எழுதுங்கள்) என்று கோஷமும் எதுகையோடு அமைந்துவிட்டது.

இருந்தாலும் ஸ்டாம்ப் மட்டும் அவரை ஜெயிக்க வைத்திருக்காது. என்னைக் கேட்டால், விஷயம் ஓட்டுப் போட்டவர்கள் யார் என்பதில்தான் இருக்கிறது. நியூயார்க்கில் உட்கட்சித் தேர்தலில் அந்தக் கட்சிக்காரராகப் பதிவு செய்தவர் மட்டுமே ஓட்டுப் போட முடியும். ஜூனில் வந்தவர்கள் சுமார் 23 ஆயிரம் பேர். நவம்பரில் 60 ஆயிரத்துக்கும் மேல். கட்சி சாராதவர்கள், குடியரசுக் கட்சியினர் எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டது. சோசலிஸ்ட் மேயர் வேண்டாம் என்று நினைத்தவர்களும், வழக்கமாக எதிர்முகாமில் நிற்கும் பணக்காரர்களும் பிரவுன் பக்கம் சாய்ந்தார்கள். வால்டன் ஓட்டும் ஜூனைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அப்படியும் அவருக்கு 40 சதவீதத்தை ஒட்டித்தான் கிடைத்தது, பிரவுனுக்கு 60-ஐ ஒட்டி.

தேர்தல் இரவில் திரையில் வந்தது "எழுதப்பட்ட பெயர்கள்" என்ற மொத்தக் கணக்கு மட்டும்தான். அதில் எத்தனை பிரவுனுக்கு என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து முடிக்க நாளானது. அதற்குள் அவர் அன்றைக்கே ஜெயித்ததாக அறிவித்துவிட்டார், அது வேறு.

இப்படி மல்லுக்கட்டி வாங்கிய பதவிக்காலத்தை அவர் முடிக்கவும் இல்லை. 2024 அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டு, குதிரைப் பந்தயச் சூதாட்டம் நடத்தும் ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்குத் தலைவராகப் போய்விட்டார். ஏன் போனார் என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள், அதைத் தனியாகப் பேசலாம்.